சம்பளச் சீட்டும் சங்கச் சந்தாவும்: வாசகர் கேள்வி–பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறு இங்கே. பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டிருப்பதால் யார் பெயரும் இல்லை. சட்டமும் கணக்கும் எங்கள் பொறுப்பு. சீட்டும் நோட்டும் உங்கள் பொறுப்பு.

*கேள்வி: செம்பனைக் குலை வெட்டுகிறேன், டன்னுக்கு 28 வெள்ளி (ரிங்கிட்). போன மாதம் 26 நாளும் வேலைக்குப் போனேன். காய் குறைவான மாதம், 46 டன்தான் வந்தது. ‘பீஸ் ரேட்டுக்கு அடிப்படைச் சம்பளம் கிடையாது, அப்படியே பார்த்தாலும் மொத்தம் 1,725 வந்திருக்கே’ என்கிறார் கிராணி (தோட்டக் கணக்கர்). பச்சைக் குலைக்கு 36 வெள்ளி வேறு வெட்டியிருக்கிறார்கள். இது சரியா?*

சரியில்லை, ஐயா. கிராணி சொன்ன இரண்டுமே தவறு.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இது பொருந்தும். மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் என்று அந்த ஆணை நிறுத்திக்கொள்ளவில்லை. துண்டு வேலை, டன் கணக்கு, டாஸ்க், டிரிப், கமிஷன் என்று சம்பளம் வாங்குகிறவர்களைத் தனியாகக் குறிப்பிட்டு, அவர்களுடைய மாதச் சம்பளமும் 1,700-க்குக் குறையக்கூடாது என்கிறது. காய் குறைகிற மாதம் தோட்டத்தின் வியாபாரத்தில் உள்ள ஏற்ற இறக்கம். அதை வெட்டுகிறவர் தலையில் கட்ட முடியாது.

இப்போது நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்ப்போம். 46 டன், 28 வெள்ளி வீதம் 1,288. உதிரிப் பழம் பொறுக்கியது 620 கிலோ, கிலோவுக்கு 15 காசு வீதம் 93. இரண்டும் சேர்த்து 1,381. அடுத்த வரியில் இரண்டு ஞாயிறு வேலை, 4 டன், இரட்டை விலையில் 224. அதற்குக் கீழே வருகைப்படி 80, கருவிப்படி 40. ஆக 1,725.

தவறு நடந்திருப்பது கடைசி மூன்று வரிகளில். 1,700-க்கு ஒப்பிட வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை மட்டும். வருகைப்படியும் கருவிப்படியும் அடிப்படைச் சம்பளம் ஆகா. ஓய்வு நாள் கூலியும் அதில் சேராது. ஓய்வு நாளில் துண்டு வேலை செய்தால் வழக்கமான விலையைப் போல் இரு மடங்கு தர வேண்டும் என்பது வேலைச் சட்டம் 1955-இல் உள்ள தனி உரிமை. அதை எடுத்து வேறொரு பள்ளத்தை நிரப்பக்கூடாது. ஆகவே 1,700-லிருந்து 1,381-ஐக் கழிக்க வேண்டும். தோட்டம் 319 வெள்ளி பாக்கி வைத்திருக்கிறது. அந்த 319-க்குரிய சேமநிதிச் சந்தாவும் பாக்கிதான். முதலாளி பங்கு 13 விழுக்காடு என்றால் சுமார் 41 வெள்ளி. இதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பச்சைக் குலை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘பழுக்காத குலைக்கு விலை இல்லை’ என்று ஒப்பந்தத்தில் முன்னமே எழுதி, அந்தக் குலையை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது ஒன்று. சம்பாதித்துவிட்ட கூலியிலிருந்து அபராதமாக வெட்டுவது வேறொன்று. சம்பளத்தில் எதை எதை வெட்டலாம் என்று வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்தது, அட்வான்ஸ், நோட்டீசுக்குப் பதிலான தொகை, சேமநிதி, பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), நீங்களே எழுதிக் கொடுத்துக் கேட்ட சங்கச் சந்தா போன்றவை. அபராதம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த 36-ஐயும் கேளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் 46 டன் எப்படி வந்தது? குலையை யாரும் பிளாட்பாரத்தில் (குலை சேர்க்கும் இடத்தில்) நிறுத்துப் பார்ப்பதில்லை, எண்ணத்தான் செய்கிறார்கள். லோரி மில்லுக்குப் போய் எடைமேடையில் ஏறிய பிறகு, மொத்த எடையை மொத்தக் குலையால் வகுத்து ஒரு சராசரி போடுகிறார்கள். கிழட்டு மரத்துக் குலையையும் இளங்கன்றுக் குலையையும் ஒரே லோரியில் ஏற்றி ஒரே சராசரி போட்டால், பழைய காட்டில் (தோட்டப் பிரிவில்) வெட்டுகிறவருக்கு நட்டம். குலைக்கு 21 கிலோ வர வேண்டிய இடத்தில் 18 என்று எழுதினால் 100 குலைக்கு 300 கிலோ போய்விடும். ஆகவே ஒரு சின்ன நோட்டில் தினமும் நான்கு விவரம் எழுதுங்கள்: தேதி, காட்டு நம்பர், குலை எண்ணிக்கை, மண்டோர் (மேற்பார்வையாளர்) அன்று சொன்ன எண்ணிக்கை. பிளாட்பாரத்தில் குலையின் காம்பில் உங்கள் நம்பர் எழுதியதும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் காட்டுவாரியாகச் சராசரி எடையைக் கேளுங்கள். நிர்வாகத்திடம் அந்தக் கணக்கு இருக்கிறது.

முதலில் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால், தொழிலாளர் விவகாரத்தைக் கவனிக்கும் அரசாங்கத்தின் ஆள்பல இலாகாவுக்குப் போங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை ஒப்பந்தம், அந்த நோட்டு இவற்றைக் கொண்டுபோங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதிகாரி முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார், முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்ற விசாரணைக்குப் போகும். ஒரு மாதப் பாக்கியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். குறைந்த எல்லா மாதத்தையும் வரிசையாகப் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் தராத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் நிர்வாகம் ஏன் சீக்கிரம் பேச வருகிறது என்பது இப்போது விளங்கும்.

*கேள்வி: பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறேன், நாள் சம்பளம். நவம்பர் மழையில் 17 நாள்தான் பேர் விழுந்தது (வேலை நாளாகப் பதிவானது). மற்ற நாளெல்லாம் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போய்த் திரும்பி வந்தோம். ‘மழைக்கு யார் சம்பளம் கொடுப்பா’ என்கிறார் மண்டோர்.*

தோட்டம்தான் கொடுக்க வேண்டும், அம்மா. வேலைச் சட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு பிரிவு உண்டு, 16-ஆம் பிரிவு. அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம். வேலை செய்த நாளைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், அவர் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்த நாள்களுக்கு வேலை செய்தது போலவே சம்பளம் தர வேண்டும். வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் இந்தக் கணக்கில் சேராது. மாதம் முழுக்க வேலையில் இருந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு 24-இல் 17 போக மிச்சம் 7 நாள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் குறைந்தபட்ச நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஏழு நாளுக்கு 457 வெள்ளி 66 காசு.

வழக்கு தோற்பது எங்கே என்றால், ‘தயாராக இருந்தேன்’ என்பதை நிரூபிக்கும் இடத்தில். விடியற்காலை ஓட்டில் மழை சத்தம் கேட்டதும் ‘இன்றைக்கு வேலை இருக்காது’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) நீங்கள் ‘வரவில்லை’ என்றுதான் இருக்கும். மழையானாலும் பெரட்டுக்குப் போங்கள், பேர் கூப்பிடும்போது ‘ஆஜர்’ சொல்லுங்கள். உங்கள் பேருக்கு நேரே என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்தால் அதில் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். தயாராக இருந்தாரா இல்லையா என்று தகராறு வந்தால் முடிவு சொல்வது மண்டோரும் அல்ல, மேனேஜரும் அல்ல, ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநர்.

மரம் வெட்ட முடியாத நாளில் புல் வெட்டு, கோப்பை கழுவுவது என்று வேறு வேலை கொடுத்தால், அது உங்கள் சக்திக்கு ஏற்றதாக இருந்தால், மறுக்காதீர்கள். மறுத்த நாள் கணக்கில் சேராது.

*கேள்வி: ஆறாம் படிவத்தில் பொருளியல் படிக்கிறேன். சந்தைச் சமநிலைக்கு மேல் குறைந்தபட்சச் சம்பளம் வைத்தால் வேலையின்மை வரும் என்று பாடம். அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார். சம்பளம் ஏறியதால் அவருக்கு வேலை போகுமா?*

பாடத்தில் உள்ளது தவறில்லை, மகளே. அதற்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: வேலை கொடுப்பவர் பலர், தொழிலாளி பிடிக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்டலாம். தோட்டத்தில் வீடும் தோட்டத்துடையது, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில், அடுத்த வேலையோ பத்து மைல் தள்ளி. பல தோட்டங்களில் வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர் பலர். இப்படிப்பட்ட தொழிலாளர் சந்தையைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-லேயே விளக்கினார்.

தேர்வில் எழுத ஒரு கணக்கு. நாளுக்கு 60 வெள்ளி கொடுத்தால் 10 பேர் வருகிறார்கள். பதினோராவது ஆள் வர 62 வேண்டும். ஆனால் அவருக்கு மட்டும் 62 கொடுக்க முடியாது, பத்துப் பேருக்கும் இரண்டிரண்டு வெள்ளி ஏற்ற வேண்டும். எனவே பதினோராவது ஆளால் ஆகும் செலவு 62-ம் 20-ம் சேர்த்து 82. அவர் வெட்டித் தரும் சரக்கின் மதிப்பு 75 என்றால் முதலாளி அவரை எடுக்க மாட்டார். இப்போது அரசாங்கம் 65-க்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று தரையைப் போடுகிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 65 தான். பதினோராவது ஆளுக்கான கூடுதல் செலவும் வெறும் 65. அவர் தருவது 75. எடுத்துக்கொள்வார். சம்பளமும் ஏறுகிறது, ஆளும் கூடுகிறது. தரையை 80-க்குக் கொண்டுபோனால் கதை மாறும், 75 தருகிறவருக்கு 80 கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். கேள்வி ‘ஏற்றலாமா’ என்பதல்ல, ‘எவ்வளவு’ என்பது.

இதை நிஜத்தில் பார்த்தவர்களும் உண்டு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குருகரும் இரு பக்கத்துத் துரித உணவுக் கடைகளையும் ஒப்பிட்டு, ஏற்றிய பக்கத்தில் வேலை குறையவில்லை என்று 1994-இல் வெளியிட்டார்கள். கார்டுக்கு 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது. குருகர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

நம் நாட்டுத் தோட்டத்துக்கு அதை அப்படியே பொருத்தவும் கூடாது. கடைக்காரர் ரொட்டி விலையை ஏற்றலாம். பாமாயில் விலையும் ரப்பர் விலையும் உலகச் சந்தையில் முடிவாகின்றன, தோட்டம் ஏற்ற முடியாது. அதனால் நிர்வாகம் வேறு வழி தேடும்: ஆள் குறைத்து இயந்திரம் போடுவது, ரப்பரை அழித்துச் செம்பனை நடுவது, வேலையைக் கொந்தராக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) கொடுத்துவிடுவது. அப்பாவின் வேலைக்கு ஆபத்து வருமானால் 1,700 வெள்ளியிலிருந்து அல்ல, பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது. 2016-இல் 1,000, 2019-இல் 1,100, 2022-இல் 1,500, இப்போது 1,700. தேதியோடு எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

*கேள்வி: சங்கத்தில் இல்லாதவனுக்கும் அதே சம்பள உயர்வுதான். பின் நான் ஏன் மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும்?*

நியாயமான கேள்வி, தம்பி. கூட்டு ஒப்பந்தம் தொழில்துறை நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டால், அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லாரையும், பின்னால் சேர்கிறவரையும் கட்டுப்படுத்தும். சங்க உறுப்பினரா என்று பார்ப்பதில்லை. ஆகவே கட்டாமலே பலன் கிடைக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படியே நினைத்தால் பேசப் போக ஆளே இருக்காது. முதலாளி ஒரு சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தால், சங்கத்துக்குப் பாதிக்கு மேல் ஆதரவு உண்டா என்று இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். உறுப்பினர் எண்ணிக்கை தேய்ந்த இடத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது. அங்கீகாரம் கேட்டு சங்கம் கடிதம் கொடுத்தால் முதலாளி 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானால் குறைந்தது மூன்று ஆண்டு நிற்கும். மூன்று ஆண்டுக்கு உங்கள் டன் விலையை முடிவு செய்யும் மேசையில் உங்கள் ஆள் இருக்கிறாரா என்பதுதான் அந்தச் சந்தாவில் அடங்கியிருப்பது.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் மிரட்டுவதும் தொழில் உறவுச் சட்டம் 1967-இன்படி குற்றம். அநியாயமாக நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும், 61-ஆவது நாள் போனால் எடுக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் மனு எழுதவும் கூட வந்து உட்காரவும் ஆள் தேவைப்படும். சந்தா கட்டியவருக்குச் சங்கம் வரும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. இன்னொன்று, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது. கூலியும் மரியாதையும் ஒரே மனுவில் இருந்தன. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் பி.பி. நாராயணன் தலைமைச் செயலாளராக இருக்க, பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து உருவானது. இன்றைய சங்கத்தின் மேல் உங்களுக்குக் குறை இருக்கலாம், பலருக்கு இருக்கிறது. அதைக் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமையும் உறுப்பினருக்குத்தான்.

*கேள்வி: 22 வருடம் வேலை செய்த தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு மலாய்க் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் உடனே 5,000 வெள்ளியாம்.*

போடாதீர்கள், அண்ணே. முதலில் அந்தக் கடிதத்தில் ‘சுக்கரெலா’ என்ற சொல் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தானே விரும்பி விலகுகிறேன் என்று அர்த்தம். அதில் கையெழுத்து விழுந்தால் வேலை நீக்க இழப்பீடும் போச்சு, வேலை காப்புறுதிப் பணமும் போச்சு.

வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி வேலை நீக்க இழப்பீடு இப்படி: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். முழுதாகாத ஆண்டை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதச் சராசரி. சராசரி மாதம் 1,825 என்றால் ஆண்டுக்கு 21,900, அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 60. 60-ஐ 20-ஆலும் 22-ஆலும் பெருக்கினால் 26,400 வெள்ளி. உங்களிடம் காட்டுகிற 5,000 எந்த மூலைக்கு? இதற்கு மேல் எட்டு வார நோட்டீஸ், அல்லது அதற்குரிய சம்பளம். இழப்பீட்டை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

தோட்டத்தைத் தோட்டமாகவே வேறொருவர் வாங்கினால் கணக்கு வேறு. புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால் நீங்கள் தொடரலாம். காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடையாது. அவர் முன்வராவிட்டால் பழையவரும் புதியவரும் இருவருமே பொறுப்பு. கொந்தராக்காரர் மூலம் வேலை செய்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். கொந்தராக்காரர் மாறும்போதெல்லாம் சேவை புதிதாகத் தொடங்கியது போல் எழுதிவிடுகிறார்கள். பழைய சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் எடுத்து வையுங்கள். யார் பேரில், எந்த மாதத்திலிருந்து பணம் கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும்.

வேலை போன 60 நாளுக்குள் பெர்கேசோவில் வேலை காப்புறுதி மனுவும் கொடுங்கள். ஈப்போ அலுவலகத்திலும் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். தகுதி இருந்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30 என்று ஆறு மாதம் வரை வரும்.

*கேள்வி: மட்டை வெட்டும்போது முள் கண்ணில் பட்டது. தோட்ட கிளினிக்கில் மருந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். பெர்கேசோவுக்குச் சொல்லவில்லை.*

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அவர் செய்யாவிட்டால் நீங்களே நேரில் போய்ச் சொல்லலாம். கண் விஷயத்தில் தோட்ட கிளினிக்கோடு நிற்காதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் கண் மருத்துவரைப் பாருங்கள், ‘வேலை செய்யும்போது செம்பனை முள் பட்டது’ என்று முதல் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘கண் வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு பெர்கேசோ தரும். பார்வை குறைந்திருந்தால் நிரந்தர ஊனத்துக்குத் தனி மனு உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு நேர்வழியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்தாலும் இதே பாதுகாப்புத்தான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்பு 2019 முதல் பெர்கேசோவில் உண்டு. உங்கள் கூட்டாளி யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.